மண் என்று குறித்த சரிவு

மலையூரான ஆனைக்கரையின் கடைவீதியில், உரக்கடைக்கு மேலே இருக்கும் மாடி அறையில் ஒரு டஜன் பெண்கள் உட்கார்ந்து கடலின் அடித்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஏலத்தோட்ட ஜீப்புகள் சேற்றை வாரியடித்துக்கொண்டு போகும். சன்னலைச் சாத்திவிட்டால் கம்ப்யூட்டர் விசிறிகளின் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். திரையில் வருபவை வெளிச்சம் எட்டாத ஆழத்தில் எடுத்த படங்கள். கப்பலிலிருந்து கம்பியில் இறக்கிய கேமரா தன் விளக்கு விழுகிற இடத்தை, ஒரு பாய் அகலத் தரையை, எடுத்துக்கொண்டே நகர்ந்திருக்கும். ஒவ்வொரு படத்திலும் என்ன தெரிகிறது என்று குறிக்க வேண்டும். மண், பாறை, பவளம், கடற்பஞ்சு, இறால், குப்பை. எதுவும் பிடிபடாவிட்டால் ‘தெளிவில்லை’ என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் படம் கொச்சியில் இருக்கும் ஆராய்ச்சியாளரின் பார்வைக்குப் போய்விடும்.

அந்த அறைக்குப் பொறுப்பு பூமாரி. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பிளஸ் டூ வரை படித்தாள். பிறகு திருமணம், இரண்டு பெண் குழந்தைகள், ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலை. காயை உலர்த்தித் தேய்க்கும்போது எழும் தூசு அவள் நெஞ்சில் ஏறிவிட்டது. ஒவ்வொரு சீசனிலும் இருமி இருமி விலா நோகும். கொச்சியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ரிஜின், மாடியில் அந்த அறையை வாடகைக்குப் பிடித்து, படம் குறிக்க ஆள் தேடியபோது நேராக ஸ்டோர்களுக்குத்தான் வந்தான். காய் பொறுக்கும் கண் இதற்குப் போதும் என்று அவனுக்குத் தோன்றியிருந்தது. அவன் நினைத்தது சரிதான். வந்த முதல் மாதமே பூமாரியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தான்.

தரம் பிரிக்கும் பெண்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. முதல் தரக் குவியலில் ஒரு வெடிப்புக் காய் கலந்திருந்தால் போதும். ஏல மையத்தில் மாதிரியைக் கையில் கொட்டிப் பார்க்கும் வியாபாரி மொத்த லாட்டையும் விலை இறக்கிக் கேட்பான். நல்ல காய் நாலு கீழ்க்குவியலில் விழுந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் சந்தேகப்பட்ட காய் எப்போதும் கீழேதான் போகும். சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு போய் சூப்பர்வைசரிடம் காட்டுகிறவளுக்கு மறுநாள் வேலை இருக்காது.

பூமாரி முதல் நாளே அதைச் சொல்லிவிட்டாள். பவளம்தான் இங்கே முதல் தரம், தெளிவாகத் தெரிந்தால் மட்டும் பவளம் என்று போடுங்கள், சந்தேகமாக இருந்தால் மண். எல்லோருக்கும் உடனே விளங்கியது. அதற்கு மேல் ஒரு கேள்விகூட வரவில்லை. ‘தெளிவில்லை’ பட்டனை யாரும் தொடவே இல்லை. கொச்சியில் அதைப் பார்த்தவர்கள், இவ்வளவு தெளிவாக வேலை செய்கிற குழு வேறு இல்லை என்று ரிஜினுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

மாதக்கணக்கில் பார்த்ததில் அந்தக் கடற்சரிவு அவர்களுக்கு ஊர் மாதிரி ஆகிவிட்டது. இடங்களுக்குப் பேர் வைத்துக்கொண்டார்கள். வெள்ளைப் பஞ்சுகள் வரிசையாக நின்ற இடம் இட்லிக்கடை. யாரோ எறிந்த பெயின்ட் டப்பா கிடந்த இடம் ரேஷன்கடை. சாம்பல் பூத்த குச்சிகள் படத்துக்குப் படம் நின்றுகொண்டிருந்த நீளமான பகுதிக்குக் குச்சிக்காடு என்று பெயர் வைத்தவள் கத்தரீனாள். குழுவில் மூத்தவள் அவள்தான். குச்சிகள் மேல் சேறு படிந்திருந்தது. கிளை இருக்கிறதா, வெறும் கட்டையா என்று சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் மண் என்று குறித்துவிட்டு நகர்ந்தார்கள்.

ஜூன் நடுவில், விசைப்படகுகளுக்கு மழைக்கால மீன்பிடித் தடை இருக்கும் காலத்தில், கொச்சியிலிருந்து ஜிஜி மேடம் வீடியோவில் வந்தார். இந்தப் படங்களெல்லாம் அவருடைய ஆராய்ச்சிக்காக எடுத்தவை. வேலை முடிந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, அதிலிருந்து உருவான வரைபடத்தைக் காட்டினார். நீங்கள் குறித்ததைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, படம் எடுக்காத இடங்களிலும் என்ன இருக்கும் என்று நிரப்பியிருக்கிறது என்றார். நீல நிறம் உயிர்கள் அடர்ந்த இடம், அங்கே இனி தரையை உரசி இழுக்கும் அடிவலை போடக் கூடாது என்று மீன்பிடி எல்லைகளை முடிவுசெய்யும் அரசுக் குழுவிடம் கேட்கப் போகிறோம். மஞ்சள் வெறும் மண், திறந்திருக்கும். தடை முடிவதற்குள் குழு கூடி முடிவு சொல்லிவிடும். அவர் மலையாளம் பாதி தமிழ் பாதியாகச் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. ரிஜின் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

கத்தரீனாள்தான் கேட்டாள், குச்சிக்காடு இதில் எங்கிட்டு இருக்கு என்று. ஜிஜி மேடத்துக்கு விளங்கவில்லை. பூமாரி ஒரு படத்தை எடுத்துத் திரையில் போட்டாள். மேடம் திரைக்கு அருகே குனிந்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அடுத்ததைக் காட்டச் சொன்னார். அதற்கடுத்ததையும்.

“இது மண்ணல்ல, பூமாரி. இதெல்லாம் பவளம். உயிரோடு இருக்கு. சேறு மேலே படிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.” அவர் குரல் இறங்கியிருந்தது. “இது மாதிரி எத்தனை படம் இருக்கும்?”

“அந்தச் சரிவு பூராவும் இப்பிடித்தான் மேடம்.”

“எல்லாத்தையும் மண்ணுன்னா போட்டீங்க?”

பூமாரி படத்தை மூடி வரைபடத்துக்குத் திரும்பினாள். வரைபடத்தில் அந்தச் சரிவு முழுக்க மஞ்சளாகத்தான் இருந்தது.

அந்தப் பவளம் ஒரு சாண் வளர மனித ஆயுள் போதாது என்று பிறகு போனில் ஜிஜி மேடம் சொன்னார். ஆழ்கடல் இறாலுக்காகப் போகும் படகுகள் அடிவலையை இழுத்துக்கொண்டு போனால் ஒரே இழுப்பில் அது படுத்துவிடும். இப்போதைய வரைபடம் அப்படியே போனால் அங்கே தாராளமாக வலை போடலாம் என்று ஆகிவிடும். குழு கூடுவதற்குள் குச்சிக்காட்டுப் படங்களைத் திரும்பக் குறித்துக் கொடுத்தால், நான் அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறேன் என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் பூமாரிக்கு எளிதாக இருந்திருக்கும்.

ரிஜின் அவளைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போனான். அவன் வயதில் சிறியவன். அறைக்குள் பூமாரி என்பான், வெளியே அக்கா என்பான்.

“அக்கா, வேலை முடிஞ்சுன்னு நமக்கு இந்த வேலையத் தந்த பெங்களூர் கம்பெனி கையெழுத்துப் போட்டாச்சு. இனி நாமளே போய் முழுக்கத் தப்புன்னு சொன்னா அடுத்த பிராஜெக்ட் நமக்குத் தருவாய்ங்களா? இத்தனை பேரும் திரும்ப ஸ்டோருக்குத்தான் போகணும். உங்க நெஞ்சு தாங்குமா?”

அவன் மிரட்டவில்லை, கெஞ்சினான். கம்பெனி அந்தப் படங்களைப் பூட்டிவிட்டது, மாடியில் இருக்கும் மெஷின்களில் அவை இனி திறக்காது என்றும் சொன்னான். அதுவும் உண்மைதான்.

வீட்டில் கணவன் வீரபாண்டி கேட்டுவிட்டுச் சிரித்தான். அவன் ஜீப் ஓட்டுகிறவன். சில வருடங்களுக்கு முன்பு காட்டைச் சுற்றி எல்லை போட ஒரு வரைபடம் வந்தது. அதில் அவர்கள் வீடு இருந்த வரிசையே இல்லை. மரம் மூடியிருந்ததால் மேலிருந்து எடுத்த படத்தில் காடு என்று பதிவாகியிருந்தது. வீட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்து, கரண்ட் பில்லோடு கொண்டுபோய்க் கொடுத்து, பஞ்சாயத்து வாசலில் நாள் முழுக்கக் கால்கடுக்க நின்றுதான் அந்த வரிசையை வரைபடத்தில் ஏற்றினார்கள். அந்த எல்லையை எதிர்த்து நடந்த சாலை மறியலில் வீரபாண்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

“அன்னைக்கு எல்லை போட வந்தவன நாம ரோட்டுல உக்காந்து வெரட்டுனோம். இன்னைக்கு நீ கடலுக்கு எல்லை போடுறியாக்கும். படகுக்காரன் நம்மள மாதிரி ரோட்டுல உக்காந்தா என்ன சொல்லுவ?”

படகுக்காரர்களைப் பற்றி அவளும் நினைத்துப் பார்த்திருந்தாள். ஆனால் பஞ்சாயத்து வாசலில் நின்ற அந்த நாள்தான் திரும்பத் திரும்ப வந்தது. இங்கே வீடு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல அன்றைக்கு அவர்களால் வாசலில் போய் நிற்க முடிந்தது. குச்சிக்காட்டுக்காக யார் போய் நிற்பார்கள்? அதை இல்லை என்று எழுதியவள் அவள். இருக்கிறது என்று சொல்லவும் வேறு ஆள் இல்லை.

கத்தரீனாள் தன் வேதக்கோயில் பங்குச் சாமியாரிடம் போய்ப் பேசினாள். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு வாங்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர்கள் நாலு அங்கே இருந்தன. ஜிஜி மேடம் படங்களை நேரடியாகப் பார்க்க வழி செய்து அனுப்பினார். முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். கூலி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். காய் எடுப்பு தொடங்கியதும் மூன்று பேர் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை.

இந்த முறை பூமாரி தன் பழைய நடைமுறையைத் தலைகீழாகப் போடச் சொன்னாள், சேறு மூடியிருந்தாலும் குச்சி என்றால் பவளம் என்று. அது சொல்லக் கேட்க எளிது. ஆனால் கை பழைய வழிக்கே பழகியிருந்தது. சேறு மூடிய குச்சி வந்தவுடன் விரல் தானாக மண்ணுக்குப் போய்விடும். திரும்ப வந்து மாற்ற வேண்டும். கத்தரீனாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மௌனிகா, பெண்களில் இளையவள், ஒரு நாள் முழுவதும் தவறுதலாக மண் என்று போட்டுவிட்டு அழுதாள். காய் பொறுக்குற கையை வெட்டித்தான் போடணும் என்று கத்தரீனாள் சொன்னது வேடிக்கையாக இல்லை, யாரும் சிரிக்கவில்லை.

மழை வலுத்தது. சாலையோரம் மரம் விழுந்து கேபிள் அறுந்தது. இரண்டு நாள் நெட் இல்லை. பூமாரி செல்போன் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி, கோயில் கல்லறைத் தோட்டத்து மதில் மேல் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்து, அதிலிருந்து இணைப்பு எடுத்தாள். ஒரு படம் திறப்பதற்குள் ஒரு ஜெபமாலை சொல்லி முடித்துவிடலாம் என்றாள் கத்தரீனாள். கரண்ட் போனால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். போய்விடலாமா என்று யாராவது கேட்டால் பூமாரி காதில் விழாத மாதிரி இருப்பாள். தடை முடியும் தேதி சுவர்க் காலண்டரில் இருந்தது. அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள். ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பெரிய பெண்ணின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்ததை மறந்துபோனாள். வீரபாண்டி போய் வந்து, ஒன்றும் கேட்காமல், அவள் டிபன் பாக்ஸைக் கோயிலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

குழு கூடுவதற்கு முந்தின நாள் குச்சிக்காடு முடிந்தது. ஜிஜி மேடம் புது வரைபடத்தை அனுப்பினார். சரிவு முழுக்க நீலமாக மாறியிருந்தது. கத்தரீனாள் திரையைத் தொட்டு விரலை உதட்டில் ஒற்றி முத்தி செய்தாள்.

மறுநாள் பகல் மூன்று மணிவாக்கில் போன் வந்தது. பூமாரி அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

குழு ஏற்கவில்லை என்று ஜிஜி மேடம் சொன்னார். மீன்பிடிக்கிறவர்கள் சார்பில் வந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். முதலில் மண் என்று சொன்னதும் இதே பெண்கள், இப்போது பவளம் என்று சொல்வதும் இதே பெண்கள், எந்தக் கண்ணை நம்புவது? அவர் கேட்டதில் தப்பில்லை என்றும் மேடம் சொன்னார். குழு சொல்லியனுப்பியது இதுதான். வேறு யாராவது பார்த்து உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய வரைபடம்தான்.

“அதுவரைக்கும்?” என்று பூமாரி கேட்டாள்.

“அதுவரைக்கும் திறந்துதான் இருக்கும்.”

மௌனிகா எழுந்து வெளியே போனாள். பூமாரி போனை வாய்க்கு அருகே கொண்டுபோனாள். பிறகு கேட்டாள், கண் தப்பு இல்லை, நான் சொன்ன வழி தப்பு என்று தெரிந்தால் குழு நம்புமா என்று. நீ என்ன சொல்ல வருகிறாய் என்று மேடம் கேட்டார்.

“அவங்க எல்லாரும் குச்சியப் பாத்தாங்க மேடம். பாத்துட்டுத்தான் குச்சிக்காடுன்னு பேரே வச்சாங்க. மண்ணுன்னு போடச் சொன்னது நான். அத எம் பேருல எழுதித் தர்றேன். இவங்க ரெண்டாவது போட்டதையாவது எடுத்துக்கிருவாங்களா?”

மேடம் தயங்கினார். அப்படி எழுதினால் கம்பெனி உன்னை விடாது என்றார். அது எனக்குத் தெரியும் என்று பூமாரி சொன்னாள்.

கத்தரீனாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏத்தா, நீ சொன்னத நாங்க கேட்டோம்ல. எங்களுக்கும் மூளை இருந்துச்சுல. ஒன்னைய மட்டும் எதுக்குத் தூக்கிக் குடுக்குற?”

“எல்லாரும் தப்புன்னா யாரு சொல்றதையும் எடுக்க மாட்டாய்ங்கக்கா. நான் மட்டும் தப்புன்னா உங்க கண்ணு நிக்கும்.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். முதலில் தமிழில் எழுதி, பிறகு மலையாளத்தில் எழுதினாள். ஏலக்காய் தரம் பிரிப்பதைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. அந்த இடத்தைத்தான் அடித்து அடித்துத் திரும்ப எழுதினாள். எத்தனையோ வருடம் பெருமையாகச் செய்த வேலை அது. ரிஜினிடம் அவளே கொண்டுபோய்க் காட்டினாள். அவன் இரண்டு தடவை படித்தான். உங்க பேரு மட்டுந்தானே இருக்கு என்று கேட்டான். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையைத் துடைத்தான்.

கம்ப்யூட்டரில் அவள் உள்ளே நுழையும் எண்ணைக் கம்பெனி முடக்கியது. மற்றவர்களின் எண்கள் அப்படியே இருந்தன. வெளியே ஒரு கல்லூரியின் மாணவர்களை வைத்துப் படங்களைச் சரிபார்க்கக் குழு ஒத்துக்கொண்டது. ஆனால் சரிபார்க்கும்வரை சரிவை மூட முடியாது என்று எழுதியிருந்தார்கள். தடை முடிந்த அன்று டீக்கடை டிவியில் படகுகள் கொடி கட்டிக்கொண்டு கிளம்புவதைக் காட்டினார்கள். வீரபாண்டி சேனலை மாற்றச் சொன்னான். பூமாரி வேண்டாம் என்றாள். நின்று பார்த்தாள். படகில் போனவர்கள் கரையில் நின்ற குடும்பத்தைப் பார்த்துக் கையாட்டினார்கள். யாரையும் திட்ட அவளால் முடியவில்லை.

மாணவர்கள் பார்த்து முடிக்க தீபாவளி தாண்டிவிட்டது. அவர்கள் குறித்ததும் கத்தரீனாள், மௌனிகா குறித்ததும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு சரிவு மூடப்பட்டதாக ஜிஜி மேடம் செய்தி அனுப்பினார். பூமாரி அப்போது ஸ்டோரில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். துணியால் மூக்கை மூடியிருந்தாள். செய்தியைப் படித்துவிட்டு, மூடியிருந்த துணியை இறக்கி, என்ன என்று கேட்ட பக்கத்துப் பெண்ணிடம் ஒன்றுமில்லை என்றாள்.

ஜனவரியில் கப்பல் திரும்பவும் போனது. மூடிய இடம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கேமராவை அதே பாதையில் இறக்கினார்கள். அந்தப் படங்கள் உரக்கடை மாடிக்கே வந்தன. ஒரு மத்தியானம் கத்தரீனாள் போன் செய்து, சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாள்.

பூமாரி படியேறியதும் ரிஜின் எழுந்து தன் நாற்காலியை நகர்த்திப் போட்டான். அவள் உட்காரவில்லை. திரையில் சேற்றைக் கீறிக்கொண்டு அடிவலையின் இரண்டு தடங்கள் நேராகப் போயின, பக்கம் பக்கமாக, படத்தின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை. நடுவில் குச்சிகள் கிடந்தன. எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்துக் கிடந்தன. அடுத்த படத்திலும் தடம் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. நிற்பது எதுவும் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். மேலே கொஞ்சம் இருக்கு, கீழ்ச்சரிவில் இன்னும் பார்க்கவில்லை என்று மௌனிகா சொன்னாள்.

கத்தரீனாள் மவுஸில் கை வைத்தபடி காத்திருந்தாள். “இத என்னான்னு போட? மேடத்தோட லிஸ்டுல ஒடஞ்சதுக்கு ஒண்ணுமில்ல. மண்ணுன்னு போடவும் மனசு வரல.”

“பவளம்னு போடுக்கா.”

“செத்துக் கெடக்கே.”

“கெடந்தாலும் பவளந்தான். மண்ணுன்னு போட்டா, அங்க ஒண்ணும் இருந்ததே இல்லன்னு ஆயிரும்.” அவளுக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருமி முடித்தாள். “கெடக்குறதையும் குறி. ஒவ்வொண்ணாக் குறி. மேடத்துக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன்.”

கத்தரீனாள் குறிக்கத் தொடங்கினாள். ஸ்டோரிலிருந்து பூமாரியின் போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படங்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. தடம் முடியவில்லை.